விரல் அசைந்தும் கமகம் வரவில்லையா? தொடுவுணர் கீபோர்டு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடன அரங்கேற்றம், நவராத்திரி கச்சேரி, சமூக மன்றப் பொங்கல் விழா என்று சிங்கப்பூரில் கீபோர்டு வாசிக்கும் தமிழ் இளையர்களிடம் பேசினால், அவர்களில் பலருக்கும் ஒரே ஏக்கம் இருப்பது தெரியும். குரல்போல, வயலின்போலச் சுரத்தை அசைத்துக் கமகம் கொடுக்க வேண்டும். சாதாரண கீபோர்டில் இடப்பக்கச் சக்கரத்தை உருட்டி ஓரளவு அசைக்கலாம். ஆனால் அந்தச் சக்கரம் அப்போது ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்தே வளைத்துவிடும். கீழே ஆதார சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு மேலே காந்தாரத்தை அசைத்தால், சட்ஜமும் கூடவே ஆடும். சுருதியோடு வளர்ந்த காது இதைப் பொறுக்காது.

ஒவ்வொரு விரலின் அசைவையும் தனித்தனியே அறியும் கீபோர்டுகள் இந்தக் குறையைத் தீர்க்கின்றன. லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கிய கண்டினுவம், லண்டனின் ரோலி நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய சீபோர்டு, ரோஜர் லின் 2014இல் கொண்டுவந்த லின்ஸ்ட்ரூமெண்ட், பிரெஞ்சு நிறுவனமான எக்ஸ்பிரசிவ் ஈ 2022இன் இறுதியில் அனுப்பத் தொடங்கிய ஆஸ்மோஸ் ஆகியவை இவற்றில் பெயர்பெற்றவை. ஏ.ஆர். ரகுமான் கண்டினுவத்தில் விரலை வழுக்கிச் சுரங்களை இழைப்பதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் நம்மிடையே நிறைய பேர்.

வாங்கிய சில மாதங்களிலேயே “நினைத்ததுபோல் இல்லை” என்று விற்றுவிடுபவர்களும் உண்டு. பெரும்பாலும் கருவியில் பழுது இருப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. விரல் செய்ததைக் கருவி ஒழுங்காகத்தான் அனுப்புகிறது. அதைப் பெற்று ஒலியாக்கும் மென்பொருள் வேறோர் அளவில் புரிந்துகொள்கிறது. பழி மட்டும் கருவியின் மேலும், சில சமயம் பாவம், விரலின் மேலும் விழுகிறது.

வாங்கும்போதே நேரும் குழப்பங்கள்

‘தொடுவுணர்வு உண்டு’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. கட்டையை வேகமாகத் தட்டினால் சத்தம் கூடும், மெல்லத் தட்டினால் குறையும் என்பதையே பல நிறுவனங்கள் அப்படிக் குறிப்பிடுகின்றன. அது பெரும்பாலான கீபோர்டுகளில் இருக்கிற வசதி. அடுத்த படி, தட்டிய பிறகு அழுத்துவதை உணர்வது. இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் எந்த விரல் அழுத்தினாலும் எல்லாச் சுரங்களும் மாறும். மற்றதில் அழுத்திய சுரம் மட்டும் மாறும். இரண்டாவது வகை 1970களின் யமஹா சிஎஸ்-80 சிந்தசைசரிலேயே இருந்தது. ஆனால் அழுத்தத்தை மட்டும் தனித்தனியே அறிந்தால் கமகத்துக்குப் போதாது. ஒவ்வொரு சுரமும் தனியே வளையவும் வேண்டும். அதற்கு எம்பிஇ என்ற முறையைக் கருவி பின்பற்ற வேண்டும். மின்னிசைக் கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறிக்கொள்ளும் மிடி தரத்தின் ஒரு பகுதியாக 2018இல் ஏற்கப்பட்ட முறை அது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கத்துக் கடையானாலும் சரி, கேரோசல் விளம்பரமானாலும் சரி, “எம்பிஇ உண்டா?” என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கருவிக்குள் ஒலி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்மோஸுக்குள் தனி ஒலி இயந்திரம் இருக்கிறது. லின்ஸ்ட்ரூமெண்ட், சீபோர்டின் பெரும்பாலான வகைகள் போன்றவை கணினியோ ஐபேடோ வேறு சிந்தசைசரோ இல்லாமல் ஒலி எழுப்பா. கருவிக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டுப் பிறகு திகைப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆயிரம் வெள்ளியைத் தாண்டும் பொருளில் அது சிறிய தொகையல்ல.

பழைய கருவியைப் பார்க்கப் போனால், பேச்சை நம்பாமல் ஒவ்வொரு கட்டையிலும் ஒரு விரலை வைத்து மெதுவாக அழுத்தி, பக்கவாட்டில் அசைத்து, மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். கணினித் திரையில் மூன்று அசைவுகளும் தனித்தனியே தெரிய வேண்டும். ஒரு கட்டையில் மட்டும் அழுத்தம் முரண்டு பிடித்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உடன் வரும் மென்பொருளின் உரிமம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைவின் அளவு

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறு. சுரத்தை வளைக்கும் தகவலை மிடி அனுப்பும்போது, “இத்தனை அரைச்சுரம் வளை” என்று அனுப்புவதில்லை (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரமே அரைச்சுரம்). “முழு வளைவில் இத்தனை பங்கு வளை” என்றுதான் அனுப்புகிறது. முழு வளைவு எவ்வளவு என்பதை அனுப்பும் கருவியும் பெறும் மென்பொருளும் தத்தம் அமைப்பில் வைத்திருக்கும். எம்பிஇ முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் வழக்கமான அளவு, மேலே 48, கீழே 48 அரைச்சுரம். சாதாரண சிந்தசைசர்களிலோ வழக்கமான அளவு 2தான். இந்த இரண்டு எண்ணும் ஒத்துப்போகாததுதான் பாதிக்கு மேற்பட்ட புகார்களுக்குக் காரணம் என்பேன்.

தோடி ராகத்தையே எடுத்துக்கொள்வோம். சுத்த ரிஷபத்திலிருந்து சாதாரண காந்தாரத்துக்கு விரலை இழுக்கிறீர்கள். இடைவெளி இரண்டு அரைச்சுரம். கருவியின் அளவு 48 என்றால், அது ‘முழு வளைவில் 24இல் ஒரு பங்கு’ என்று அனுப்பும். மென்பொருள் தன் அளவை 2 என்று வைத்திருந்தால், அந்த 2இல் 24இல் ஒரு பங்கை, அதாவது ஓர் அரைச்சுரத்தில் 12இல் ஒரு பங்கை மட்டுமே வளைக்கும். விரல் அவ்வளவு தூரம் போயும் சுரம் ரிஷபத்தைவிட்டு அசைந்ததாகவே தோன்றாது. தலைகீழாக, கருவியில் 2, மென்பொருளில் 48 என்று இருந்தால், ஓர் அரைச்சுரம் இழுத்தாலே சுரம் இரண்டு ஸ்தாயி எகிறிவிடும்.

இவை இரண்டும் உடனே காதில் விழும் தவறுகள், திருத்திவிடலாம். ஆபத்தானது நடுவில் இருப்பது. கருவியில் 48, மென்பொருளில் 24 என்று இருக்கிறது என்று வையுங்கள். காந்தாரத்துக்கு இழுத்த விரல் சதுச்ருதி ரிஷபத்தில்தான் சுரத்தைக் கொண்டுபோய் நிறுத்தும். வாசிப்பவர், “நான் குறைவாக இழுக்கிறேன் போலிருக்கிறது” என்று நினைத்து, இரண்டு மடங்கு தூரம் இழுக்கப் பழகுவார். காது நல்ல காதாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்தக் காது விரலை வெகு சீக்கிரம் தவறான தூரத்துக்குப் பழக்கிவிடும். பிறகு வேறொரு மென்பொருளில், வேறொரு மேடையில் உட்காரும்போது எல்லா கமகமும் எல்லை தாண்டி ஓடும்.

விரல் வழுக்கும் பரப்புள்ள கருவியில் இதைச் சோதிப்பது எளிது. மத்ய ஸ்தாயி சட்ஜத்தில் ஒரு விரலை வைத்து, அழுத்தத்தை விடாமல் பஞ்சமம் வரை இழுத்து அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு கையால் பஞ்சமக் கட்டையைத் தொடுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இழைய வேண்டும். இழையாமல் துடித்தாலோ வேறு சுரம் கேட்டாலோ, விரலை விட்டுவிட்டு அமைப்பைத் திறந்து பாருங்கள். புதிய ஒலி ஒவ்வொன்றையும் ஏற்றும்போது இதைச் செய்ய வேண்டும். சில ஒலிகள் தமக்கென்று தனி அளவைச் சேமித்து வைத்திருக்கும்.

48 என்பது பெரிய எண்ணாயிற்றே, நுட்பமான அசைவு சிதைந்துவிடாதா என்று சிலர் அளவைக் குறைக்கிறார்கள். தேவையில்லை. வளைவுத் தகவலுக்கு 16,384 படிகள் உண்டு. 96 அரைச்சுரத்தில் அவற்றைப் பரப்பினாலும் ஒரு படி என்பது அரைச்சுரத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்தக் காதும் அந்தப் படியைக் கேட்காது.

சேனல்கள்

ஒரு விரலை அசைத்தால் எல்லாச் சுரங்களும் சேர்ந்து ஆடுகின்றனவா? அப்படியானால் பிரச்சினை சேனலில். மிடிக்கு 1983 முதல் 16 சேனல்கள், அதாவது தகவல் போகும் தனித்தனி வழிகள். எம்பிஇ முறை வழக்கமாக முதல் சேனலைப் பொதுவான தகவலுக்கு வைத்துக்கொண்டு, மற்ற 15ஐயும் சுரத்துக்கு ஒன்றாகப் பகிர்கிறது. பெறும் மென்பொருளில் எம்பிஇயை இயக்காவிட்டால், எல்லாம் ஒரே சேனலில் கொட்டப்பட்டு, பழைய சக்கரத்தின் கதையே திரும்ப வரும். இசை மென்பொருளான ஏபிள்டன் லைவில் 11ஆம் பதிப்பிலிருந்துதான் இந்த வசதி உண்டு. அதற்கு முந்தைய பதிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். லாஜிக் ப்ரோவில் ஒவ்வோர் ஒலிக்கருவியின் அமைப்பிலும் மிடி மோனோ மோட் என்பதை இயக்கி, அதன் வளைவு அளவை 48 என்று வைக்க வேண்டும். காசு செலவில்லாமல் பழக, சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் இரண்டும் எம்பிஇயை ஏற்கும் இலவச சிந்தசைசர்கள்.

பழைய வட்ட மிடி கேபிளில் எம்பிஇ வாசிப்பது இன்னொரு தவறு. அந்தக் கேபிளின் வேகம் வினாடிக்கு 31,250 பிட். மூன்று பைட் செய்தி ஒன்று போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி ஆகும். ஐந்து விரல்கள், ஒவ்வொன்றிலும் மூன்று அசைவுகள் என்று தொடர்ந்து தகவல் பெருகும்போது வரிசை நெரிந்து, அசைவு கரடுமுரடாகக் கேட்கும். கணினி இருந்தால் யூஎஸ்பியே சரி.

எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது

பக்கவாட்டு அசைவுக்குச் சுரம், அழுத்தத்துக்கு ஒலியளவு, மேல்கீழ் நகர்வுக்கு ஒலியின் நிறம், போதாக்குறைக்கு எதிரொலியும் அழுத்தத்தோடு. இப்படி முதல் நாளே எல்லாவற்றையும் இணைத்துவிட்டு, ஏன் எதுவும் கட்டுக்குள் நிற்கவில்லை என்று தவிப்பவர்கள் அதிகம். ஒரே ஓர் அசைவோடு தொடங்குங்கள். அழுத்தத்துக்கு ஒலியளவு மட்டும். நிதானமாக ஒரு கீர்த்தனையின் பல்லவியை வாசித்து, சாகித்யத்தில் மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே ஒலி தணிகிறதா என்று கேளுங்கள். அது கைவந்த பிறகு வளைவு. நிறம் கடைசியில்.

நிறத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. விரல் கட்டையின் எந்த இடத்தில் முதலில் படுகிறதோ, அந்த இடத்துக்கேற்ற நிறத்தில் சுரம் தொடங்குவது ஒரு முறை. விரல் படும் இடத்தை நடுவாகக் கொண்டு, அதன்பின் நகர்வதை மட்டும் கணக்கில் எடுப்பது இன்னொரு முறை. வேகமான சுரவரிசைகளில் முதல் முறை ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு குரல் கொடுத்துவிடும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

கையும் ராகமும்

பியானோப் பழக்கத்தில் ஓங்கித் தட்டுவது இங்கே கெடுதல். சீபோர்டின் சிலிக்கோன் பரப்பில் ஓங்கித் தட்டிய விரலுக்கு, பிறகு அழுத்திச் சொல்ல எதுவும் மிஞ்சாது. மெல்லத் தொட்டு, பிறகு அழுத்திச் சுரத்தை வளர்க்கப் பழக வேண்டும். வீணையில் மீட்டுக்குப் பின் இடக்கை செய்யும் வேலையை ஒத்தது இது.

எந்தக் கருவி எதற்கு என்பதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆஸ்மோஸில் கட்டைகள் வழக்கமான கட்டைகளே. ஒவ்வொன்றும் பக்கவாட்டில் சற்று அசையும். கம்பிதம் போன்ற சிறு அசைவுக்கு அது அருமை. சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு நீண்ட ஜாரு இழுக்க நினைப்பவருக்குக் கண்டினுவம், லின்ஸ்ட்ரூமெண்ட் போன்ற தொடர்ச்சியான பரப்புதான் ஒத்துவரும்.

லின்ஸ்ட்ரூமெண்டில், விரல் நின்ற இடத்திலிருந்து சுரத்தை அருகிலுள்ள அரைச்சுரத்துக்கு இழுத்து நேராக்கும் வசதி ஒன்று உண்டு. மேற்கத்திய இசைக்கு அது உதவி. ஆலாபனை வாசிப்பவர் அதை நிறுத்திவிட வேண்டும். தோடி காந்தாரத்தை 12 சுரங்களில் ஒன்றாக நிறுத்தி வைத்தால் தோடியே இருக்காது. துணைக்குத் தம்புரா ஒலியை வைத்துக்கொண்டு பழகுங்கள். சுருதியை மென்பொருள் திருத்தும் என்று விட்டால் காது மழுங்கிவிடும்.

பாடகருடைய சுருதி கட்டைகளுக்கு நடுவே நின்றால், மென்பொருளின் பொதுச் சுருதியை நகர்த்துங்கள். விரலை ஓரமாக வைத்துச் சமாளிக்க முயன்றால் ஒவ்வொரு சுரத்திலும் தடுமாற்றம் வரும்.

வீட்டிலும் மேடையிலும்

வீவக வீட்டில் இரவு பயிற்சி செய்பவர்கள், அண்டை வீட்டாருக்காகப் புளூடூத் ஹெட்ஃபோன் மாட்டுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் புளூடூத்தில் ஒலி வந்துசேரும் தாமதம் பல ஹெட்ஃபோன்களில் பத்தில் ஒரு வினாடியைத் தாண்டும். அந்தத் தாமதத்தில் கமகம் பழகினால் விரல் எப்போதும் அவசரப்படும். கேபிள் உள்ள ஹெட்ஃபோன் மட்டுமே போதும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் வியர்க்கும்; சிலிக்கோன் பரப்பு வியர்வையையும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். கோயில் நிகழ்ச்சியில் திருநீறோ குங்குமமோ பட்ட விரலோடு உட்கார வேண்டாம். இலேசாக ஈரமாக்கிய மென்துணியால் துடைத்தால் போதும்.

அரங்கேற்ற மேடையில் கடைசி நேரத்தில் இன்னொருவரின் கணினியில் இணைக்க நேர்ந்தால், ஒலிச் சோதனைக்கு முன்பே சட்ஜ-பஞ்சமச் சோதனையை முடித்துவிடுங்கள். நடுவில் யூஎஸ்பி கேபிள் கழன்று மறுபடி செருகினாலும் அதையே செய்ய வேண்டும். சில மென்பொருள்கள் கருவி துண்டிக்கப்பட்டதும் எம்பிஇ அமைப்பை மறந்து பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கேபிளை நாற்காலிக் காலோடு இறுக்காமல் கருவியின் தாங்கியோடு கட்டுங்கள், மாற்றுக் கேபிள் ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.