ஓவன் இல்லாத வீகன் சாக்லேட்: எங்கெங்கே தவறுகிறோம்

என் அக்கா மகளுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் சாப்பிட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். ஒரு பிறந்தநாள் வீட்டில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கேக் சாப்பிட, இவள் மட்டும் சிப்ஸ் கிண்ணத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் வீகன் சாக்லேட்டை, அதாவது பால், வெண்ணெய் என்று விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத சாக்லேட்டை, வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். ஓவன் தேவையில்லை, ஒரு சட்டி, மிக்ஸி, ஃப்ரிட்ஜ் இருந்தால் போதும். ஆனால் குறிப்பில் எழுதியிருப்பதை அப்படியே செய்தும் பல தடவை சரியாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்ததில், பெரும்பாலான தவறுகள் இரண்டு விஷயங்களில்தான் போய் நின்றன. ஒன்று நம் ஊர் வெக்கை, இன்னொன்று தண்ணீர்.

முதலில் வெக்கையைப் பார்ப்போம். இணையத்தில் கிடைக்கிற வீகன் சாக்லேட் குறிப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும்: தேங்காய் எண்ணெயை உருக்கு, கோகோ பவுடரைக் கலக்கு, மேப்பிள் சிரப் ஊற்று, அச்சில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வை. இது குளிர் நாட்டுச் சமையலறைக்கு எழுதிய குறிப்பு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உருகிவிடும். நம் வீட்டு எண்ணெய் பாட்டில் மார்கழிக் காலையில் கொஞ்சம் உறையும், மற்ற நாளெல்லாம் ஓடத்தான் செய்யும், அப்படியிருக்க அதை வைத்துச் செய்த சாக்லேட் மட்டும் எப்படிக் கெட்டியாக நிற்கும்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்து ஆளுக்கு ஒன்று நீட்டுவதற்குள் விரல் முழுக்க எண்ணெய்.

இதற்கு மாற்று கோகோ பட்டர். பெயரில் பட்டர் இருந்தாலும் அதில் பால் கிடையாது, கோகோ விதையிலிருந்து பிழிந்த கொழுப்புதான். அது உருகுவது சுமார் 34 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே, சாக்லேட் வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். விலை அதிகம்தான், ஆனால் 100 கிராம் வாங்கினால் ஒரு தட்டு நிறையச் செய்யலாம். நான் எடுக்கும் அளவு: 100 கிராம் கோகோ பட்டர், 75 கிராம் கோகோ பவுடர், 60 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் கோகோவின் கசப்பு தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். சிக்கனத்துக்காகக் கோகோ பட்டர் பாதி, தேங்காய் எண்ணெய் பாதி என்று கலப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்டித்தன்மை கிடைக்கும் என்று நினைப்போம், கிடைக்காது, தேங்காய் எண்ணெய் கோகோ பட்டரை நாம் எதிர்பார்ப்பதைவிட நிறையவே இளக்கிவிடும். கடையில் கட்டியாக விற்கிற காம்பவுண்டு சாக்லேட்டை நிஜச் சாக்லேட்டோடு சேர்த்து உருக்குவதும் இதே தவறுதான். காம்பவுண்டில் பெரும்பாலும் இருப்பது பாமாயில் மரத்துக் கொட்டையின் எண்ணெய் வகைக் கொழுப்பு, அதுவும் கோகோ பட்டரும் ஒத்துப்போகாது, மெத்தென்று ஆகி நாலு நாளில் வெளுத்தும் போகும். ஏதாவது ஒன்றை மட்டும் எடுங்கள்.

அடுத்து தண்ணீர், எனக்கு அதிகப் பொருள் வீணானது இதில்தான். உருக்கிய சாக்லேட் என்பது கொழுப்புக்குள் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் மிதந்துகொண்டிருக்கும் ஒரு கலவை. அதில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், சர்க்கரைத் துகள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் ஒரு நிமிடத்தில் ஈரமணல் மாதிரித் திரண்டுவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் விஷயம். கழுவிவிட்டுச் சரியாகத் துடைக்காத கிண்ணம். காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும் மரக்கரண்டி. எல்லாவற்றுக்கும் மேலாக ஆவி: கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கும்போது, கிண்ணம் சட்டியின் வாயை முழுதாக மூடாவிட்டால் பக்கவாட்டில் எழும் ஆவி உள்ளே இறங்கும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தை வையுங்கள், அந்தச் சூடே போதும். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. மேலே தட்டுப்போட்டு மூடவும் கூடாது, மூடியில் படிகிற நீர் சொட்டும். மைக்ரோவேவ் என்றால் பாதி பவரில் 30 விநாடி, வெளியே எடுத்துக் கிளறு, மறுபடி 30 விநாடி. ஒரேயடியாக இரண்டு நிமிடம் வைத்தால் வெளியே கட்டி அப்படியே இருக்கும், உள்ளே கருகியிருக்கும், கருகிய வாடையை எதைப் போட்டும் மறைக்க முடியாது.

திரண்டுபோனதைக் கொட்டிவிட வேண்டாம். சூடான தேங்காய்ப்பாலை ஒவ்வொரு ஸ்பூனாக ஊற்றிக் கிளறிக்கொண்டே வாருங்கள், முதலில் இன்னும் மோசமாகத் தெரியும், பயப்படாமல் தொடர்ந்தால் மறுபடி இளகி சாஸ் மாதிரி வரும். அச்சில் ஊற்ற ஆகாது, ஆனால் உருண்டைக்கோ வாழைப்பழத்தின் மேல் ஊற்றவோ நன்றாகவே இருக்கும்.

இனிப்பிலும் இதே தண்ணீர்ச் சிக்கல்தான். வெல்லப்பாகு, பேரீச்சை சிரப், மேப்பிள் சிரப் எல்லாவற்றிலும் நீர் இருக்கிறது, கோகோ பட்டரில் ஊற்றினால் சேராது, ஒன்று திரளும் அல்லது அடியில் தனியாகத் தங்கும். தேன் வீகனே இல்லை, அது வேறு. நாட்டுச்சர்க்கரையிலும் ஈரம் உண்டு. சாக்லேட் பார் செய்வதென்றால் வெள்ளைச் சர்க்கரையை மிக்ஸியில் நைசாகப் பொடித்துச் சலித்துப் போடுவதுதான் சரி. எவ்வளவு பொடித்தாலும் கடைச் சாக்லேட் அளவுக்கு வழவழப்பு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாக்கு சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேலுள்ள துகளை நரநரப்பாக உணரும், தொழிற்சாலையில் அதற்கும் கீழே அரைக்கிறார்கள், நம் மிக்ஸியால் அது முடியாது. அந்த லேசான நரநரப்பு வீட்டுச் சாக்லேட்டுக்கு உரியது, எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. வெல்லம்தான் வேண்டும் என்பவர்கள் பார் பக்கம் போகாமல் கீழே சொல்லும் உருண்டைக்குப் போய்விடுங்கள்.

அதற்கு முன் லேபிள். இதில் செய்யும் தவறு மட்டும் ருசியோடு நிற்காது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டார்க் சாக்லேட் என்றாலே பால் இல்லை என்று நம்பி வாங்குகிறோம். பல டார்க் சாக்லேட்டுகளில் பால் கொழுப்போ பால் திடப்பொருளோ சேர்க்கிறார்கள், காம்பவுண்டிலும் அப்படித்தான். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது, நம் நாட்டுச் சட்டப்படி பாலும் சைவம்தான். வீகன் உணவுக்கென்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2022இல் தனி விதிமுறையே கொண்டுவந்தது, அதன்படி பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் சின்ன இலையும் உள்ள தனி முத்திரை இருக்கிறது, அதைத் தேடுங்கள். முத்திரை இல்லாவிட்டால் பொருள் பட்டியலைப் படியுங்கள்: பால் திடப்பொருள், வே பவுடர், மில்க் ஃபேட், பட்டர் ஆயில், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். பால் கலந்த மால்ட் பானப் பொடியையும் சர்க்கரை சேர்த்த டிரிங்கிங் சாக்லேட் பொடியையும் கோகோ பவுடர் என்று நினைத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பொருள் பட்டியலில் கோகோ என்ற ஒன்று மட்டும் இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்குள் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. அந்தக் கோகோவில் சின்ன அளவில் செய்து விற்கிற டார்க் சாக்லேட்டுகளில் கோகோ, கோகோ பட்டர், சர்க்கரை என்று மூன்றே பொருள் இருப்பவை கிடைக்கும். விலை கூடினாலும் நான் அதைத்தான் வாங்குகிறேன்.

விருப்பத்துக்காக வீகன் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 'பாலின் துகள்கள் இருக்கலாம்' என்ற எச்சரிக்கை வரியை முதல் வகையினர் பொருட்படுத்தாமல் விடலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது கூடவே கூடாது. ஒரே இயந்திரத்தில் பால் சாக்லேட்டும் டார்க்கும் ஓட்டுகிற இடங்களில் இந்தக் கலப்பு நிஜமாகவே நடக்கும். வீட்டிலும் நெய் ஊற்றிய கரண்டி, பால்கோவா செய்த சட்டி எதையும் நன்றாகக் கழுவாமல் எடுக்காதீர்கள். வீகன் முத்திரை இருந்தாலும் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

சரி, உருண்டைக்கு வருவோம். பேரீச்சம்பழம், வறுத்த வேர்க்கடலை, கோகோ, இந்த மூன்றுமே போதும். கொட்டை எடுத்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒவ்வொரு பழத்தையும் பிரித்துப் பாருங்கள், ஒரு கொட்டை தப்பினாலும் மிக்ஸி பிளேடு போகும், பல்லும் போகும். பழம் காய்ந்திருந்தால் வெந்நீரில் 10 நிமிடம் போட்டு, நன்றாகப் பிழிந்து, துணியில் ஒற்றி எடுங்கள், இரவு முழுக்க ஊறவைத்தால் உருண்டை பிடிக்கவே வராது. கடலையைத் தொடர்ந்து அரைத்தால் மிக்ஸி சூட்டில் எண்ணெய் கக்கிவிடும், திருகியை இடப்பக்கம் திருப்பி, நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும். மாவு தளர்ந்துவிட்டால் கோகோவை மேலும் மேலும் கொட்டாதீர்கள், கசந்துவிடும். பொட்டுக்கடலையைப் பொடித்து இரண்டு ஸ்பூன் சேர்த்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு கெட்டியாகும், ருசியிலும் கோகோவோடு நன்றாகச் சேரும்.

பொட்டுக்கடலை என்றதும் இன்னொன்று. குக்கி டோ என்று மைதாவை வேகவைக்காமலே சர்க்கரை, சாக்லேட்டோடு பிசைந்து சாப்பிடும் குறிப்புகள் சுற்றுகின்றன. பச்சை மைதாவை அப்படிச் சாப்பிடக் கூடாது, அதில் ஈ.கோலை, சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகள் இருக்கலாம். வாணலியில் லேசாகச் சூடு காட்டிவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நம்பவும் முடியாது. மைதாவுக்குப் பதிலாகப் பொட்டுக்கடலை மாவு போடுங்கள்.

டிரஃபிள், அதாவது வாயில் கரையும் மெத்தென்ற சாக்லேட் உருண்டை, செய்பவர்கள் தேங்காய்ப்பாலில் தவறுகிறார்கள். 200 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 100 மில்லி கெட்டியான பாக்கெட் தேங்காய்ப்பால் சரியாக இருக்கும், வீட்டில் பிழிந்த முதல் பால் என்றால் 80 மில்லி போதும், அதில் நீர் கூடுதல். இரண்டாம் பால் வேண்டவே வேண்டாம். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், ஓரத்தில் நுரைக்கிற நேரத்தில் இறக்கி, நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, அப்புறம் நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். மேலே எண்ணெய் பிரிந்து நின்றால் வெதுவெதுப்பான தேங்காய்ப்பால் ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். உருட்டும்போது உள்ளங்கைச் சூட்டில் இளகும், கையைக் குளிர்ந்த தண்ணீரில் காட்டி, ஈரம் போகத் துடைத்துவிட்டு உருட்ட வேண்டும்.

மொறுமொறுப்புக்கு ஓட்ஸ் போடச் சொல்வார்கள். வறுக்காத ஓட்ஸ் சாக்லேட்டில் சவசவ என்று இருக்கும். எனக்குப் பிடித்தது பொரி, இல்லாவிட்டால் வறுத்த அவல். இரண்டையும் வெறும் வாணலியில் மொறுமொறுப்பு வரும்வரை புரட்டி, முழுக்க ஆறவிட்டு, அதன் பிறகுதான் சாக்லேட்டில் கலக்க வேண்டும். பச்சைத் தேங்காய்த் துருவலை மட்டும் போட்டுவிடாதீர்கள், ஈரமும் சேரும், சீக்கிரம் ஊசியும் போகும்.

மூஸ் என்கிற மிருதுவான கிரீம் மாதிரி இனிப்பு செய்ய வெண்ணெய்ப்பழம் எடுத்தால் நன்றாகப் பழுத்ததாக இருக்கட்டும், காயாக இருந்தால் பச்சை வாடையும் கசப்பும் கோகோவையும் மீறித் தெரியும். கெட்டி டோஃபுவில் (சோயா பன்னீர்) செய்தால் திரிதிரியாக நிற்கும், மூஸுக்கு மிக மிருதுவான சில்கன் டோஃபுதான் வேண்டும். எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியமானது கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். அதை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கிறது என்பதை 2014இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு சொன்னார், அடுத்த வருடம் அக்வாஃபாபா என்ற பெயரும் வந்தது. சுண்டலுக்கு வேகவைத்த தண்ணீரை எடுப்பதானால் உப்புப் போடாமல் வேகவைத்து, கடலையோடு ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, வடித்து, வழவழப்பு வரும்வரை சுண்டவிட்டு, ஆறிய பிறகு பீட்டரால் பத்து நிமிடமாவது அடிக்க வேண்டும். நுரை எழுந்ததும் சுடச்சுடச் சாக்லேட்டை ஊற்றுவதுதான் இதில் நடக்கும் தவறு, நுரை அப்படியே உட்கார்ந்துவிடும். தொட்டால் சூடு தெரியாத பதத்தில் ஊற்றி, மெதுவாக மடித்து மடித்துக் கலக்குங்கள்.

கடைச் சாக்லேட்டின் பளபளப்பும் உடைக்கும்போது வரும் சத்தமும் வேண்டுமென்றால் டெம்பரிங் செய்தாக வேண்டும்: 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றுவது. சமையலறையே 33 டிகிரியில் இருக்கும்போது இது எப்படி நடக்கும்? ஏசி அறையில் தெர்மாமீட்டரோடு செய்யுங்கள், இல்லாவிட்டால் சாக்லேட் வெளுக்கும் என்று ஏற்றுக்கொண்டு மேலே கோகோ பவுடர் தூவிவிடுங்கள். வெளுப்பது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, கொழுப்பு மேலே வந்து உறைவதுதான், தாராளமாகச் சாப்பிடலாம்.

கடைசியாக ஃப்ரிட்ஜ். சாக்லேட்டைத் திறந்து வைத்தால் பூண்டு, நறுக்கிய வெங்காயம், நேற்று வைத்த சாம்பார் எல்லா வாடையையும் அந்தக் கொழுப்பு இழுத்துக்கொள்ளும், இறுக மூடும் டப்பா அவசியம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள், அரை மணி நேரம் மூடியபடியே வெளியில் இருந்தால் காற்றிலுள்ள ஈரம் டப்பாவின் மேல் வியர்க்கும், திறந்துவிட்டால் சாக்லேட்டின் மேல் வியர்த்துச் சர்க்கரை கரைந்து திட்டுத்திட்டாகப் படியும். கோகோ பட்டர் பார் ஒரு மாதம் தாராளமாக இருக்கும், பேரீச்சை உருண்டை ஒரு வாரம், தேங்காய்ப்பால் சேர்த்த டிரஃபிளையும் மூஸையும் மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பள்ளிக்கோ பிறந்தநாள் வீட்டுக்கோ கொடுத்தனுப்ப உருண்டைதான் தோது, அக்கா மகள் டப்பாவில் இப்போது கூடுதலாக நாலு வைத்து அனுப்புகிறோம், மற்ற பிள்ளைகளும் கேட்கிறார்களாம்.