அரை மாடு சொல்வதற்கு முன்: புல் மாடா, சோள மாடா?

டெக்சாஸில் சின்னப் பண்ணைகளிடம் நேராகப் போய் கால் மாடு, அரை மாடு என்று வாங்கி ஃப்ரீசரில் அடுக்கும் பழக்கம் நம்ம ஆட்களிடமும் வந்துவிட்டது. புதிதாக ஆரம்பிக்கிற ஒவ்வொருவரும் இந்தச் சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஃப்ரீசர் வாங்காமலே கறிக்குச் சொல்வது போன்ற அசட்டுத்தனங்களை விட்டுவிடுகிறேன், அது கறி வந்த அன்றே புரிந்துவிடும்.

"கிராஸ்-ஃபெட்தானே?" (புல் தின்ற மாடுதானே) என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது

இதைப் பார்த்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. அமெரிக்காவில் கறிக்கு வளர்க்கும் மாடு கிட்டத்தட்ட எல்லாமே முதலில் புல்தான் மேய்கிறது. ஆறேழு மாதம் தாய்ப்பால், அப்புறம் மேய்ச்சல். கடைசி நான்கைந்து மாதத்தில்தான் வழி பிரிகிறது: ஒன்று மக்காச்சோளம் தின்று கொழுக்கும், மற்றது வெட்டும் நாள்வரை புல்லிலேயே நிற்கும். ஆகவே பண்ணைக்காரர் "ஆமாம்" என்றால் அது பொய்யும் இல்லை, நீங்கள் கேட்க நினைத்ததற்குப் பதிலும் இல்லை. அமெரிக்க அரசின் விவசாயத் துறை வைத்திருந்த கிராஸ்-ஃபெட் தர வரையறையையே 2016 ஜனவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது. கடையில் விற்கும் பாக்கெட்டின் லேபிளுக்காவது ஒப்புதல் வாங்க வேண்டும். மாட்டையே பங்கு போட்டு வாங்கும்போது லேபிளுக்கு எங்கே போவது?

ஹூஸ்டன் பக்கம் தெரிந்த தம்பி ஒருவர், "அண்ணா, சுத்தமான புல் மாடு, அரை மாடு சொல்லிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் மேய்ச்சல் நிலத்தின் நடுவிலேயே சோளத் தீவனப்பெட்டி நிற்கிறது, மாடு இஷ்டத்துக்குத் தின்கிறது. வந்த கறி நல்ல கறிதான், ஆனால் கொடுத்த விலை புல் மாட்டு விலை.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றம் இன்னும் மோசம். நிஜமாகவே புல் மட்டும் தின்ற மாடு, ஆனால் மழை பொய்த்து வைக்கோல் விலை ஏறியதால் பதினாறு மாதத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். புல்லில் மாடு கொழுப்பேற இருபது முதல் இருபத்தெட்டு மாதம் வரை ஆகும். அவசரப்பட்டால் தசைக்குள் கொழுப்பே இருக்காது, ஸ்டேக் செருப்புத் தோலாக வந்து சேரும், பழி மட்டும் புல்லின் மேல் விழும்.

கேட்க வேண்டியது மூன்று: கடைசி 120 நாள் என்ன தின்றது? எத்தனை மாத மாடு? வெட்டுவதற்கு முந்தைய மாதங்களில் பச்சைப் புல் இருந்ததா? நம் வீடுகளில் குழம்பும் வறுவலும்தான் அதிகம் என்றால் புல் மாடு எடுங்கள், நின்று வேகும், ருசியும் அழுத்தம். வார இறுதியில் பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) புகைபோடுகிறவர் என்றால் சின்னப் பண்ணையில் சோளம் தின்ற மாட்டையே வாங்குங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஹேங்கிங் வெயிட் (வெட்டியபின் கொக்கியில் தொங்கும் எடை) விலையைக் கடை விலையோடு ஒப்பிடுவது

உயிரோடு 1,200 பவுண்டு இருக்கும் சோள மாடு தோல், தலை, குடல் போனபின் கொக்கியில் சுமார் 740 பவுண்டு தொங்கும். எலும்பும் கொழுப்பும் கழித்து வீடு வருவது 450 முதல் 500 வரை. தொங்கும் எடையில் பவுண்டு 5 டாலர் என்றால் கைக்கு வரும்போது எட்டை நெருங்கிவிடும், வெட்டுக்கூலி தனி. புல் மாட்டில் தொங்கும் எடையே இன்னும் குறையும்.

ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்புக்காகப் புல் மாடு வாங்குவது

அதற்கு மத்தி மீன் வாங்குங்கள், அதில்தான் அது நிறைய.

கட் ஷீட்டை (எந்தத் துண்டு எப்படி வேண்டும் என்று வெட்டுபவருக்கு எழுதித் தரும் தாள்) காலியாக விடுவது

நீங்கள் சொல்லாவிட்டால் பாதி மாடு கொத்துக்கறியாகத்தான் வரும். எலும்போடு குழம்புத் துண்டு, கால் எலும்பு, வால், நாக்கு, ஈரல் எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். குடலைப் பல இடங்களில் தரவே மாட்டார்கள்.

பழகிய நேரத்துக்கே வேகவைப்பது

புல் மாட்டு ஸ்டேக்கில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வறண்டுவிடும். கடிகாரத்தை நம்பாமல் தெர்மாமீட்டரைக் குத்திப் பாருங்கள். 145 டிகிரி ஃபாரன்ஹீட் வந்ததும் இறக்கி மூன்று நிமிஷம் விடுங்கள்.

மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்கு விற்பது

கூடாது. அரசு ஆய்வில்லாமல் உரிமையாளருக்காக வெட்டிய கறியில் "நாட் ஃபார் சேல்" முத்திரை இருக்கும். நான்கு குடும்பம் சேர்ந்து வாங்குவதானால் வெட்டுவதற்கு முன்பே நான்கு பேர் பெயரிலும் பங்கு எழுதச் சொல்லிவிடுங்கள்.