மலையில் வாழும் மூத்த நடிகையின் வாழ்க்கைப் பேச்சைப் பதிவு செய்வது எப்படி

குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ ஓய்வாக இருக்கும் ஒரு மூத்த நடிகை, தன் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சம்மதம் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முதல் வாய்ப்பு எப்படி வந்தது, பிடித்த கதாநாயகன் யார், இன்றைய சினிமா எப்படி இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அவர் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருப்பார். அந்தப் பதில்கள் வசனம்போல மனப்பாடமாகியிருக்கும். அதைத் தாண்டிப் போவதுதான் உங்கள் வேலை. அபிப்பிராயம் கேட்பதைக் குறைத்து, அவர் செய்ததைக் கேட்டால் தாண்டலாம். பெரிய கதாநாயகி, அம்மா வேடம் கட்டியவர், குரூப் டான்ஸில் மூன்றாவது வரிசையில் ஆடியவர், யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான். சொல்லப்போனால் மூன்றாவது வரிசையில் நின்றவரிடம் யாரும் கேட்டதே இல்லை. அவரிடம்தான் முதலில் போக வேண்டும்.

போகுமுன்

குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்கி அவர் நடித்த படங்களின் பட்டியலைத் தயார் செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று நடிகைகள் இருந்திருப்பார்கள், ஒருவருடைய படம் இன்னொருவர் கணக்கில் ஏறியிருக்கும். டைட்டிலில் பெயரும் மாறிக்கொண்டே வரும். குழந்தையாக நடித்தபோது ‘பேபி’, பிறகு ‘குமாரி’, அதற்கப்புறம் வெறும் பெயர். சௌகார் ஜானகிக்கு 1950இல் வந்த முதல் தெலுங்குப் படத்தின் பெயரே அடைமொழியாக நிலைத்தது. இப்படிப் பெயர் மாறிய ஒவ்வொரு இடமும் ஒரு கேள்வி. மாற்றியது யார், அவரைக் கேட்டுத்தான் மாற்றினார்களா?

பழைய பாட்டுப் புத்தகங்கள் பெரிய உதவி. நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் அதில் இருக்கும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய சினிமா இதழ்களும் பாட்டுப் புத்தகங்களும் பார்க்கக் கிடைக்கும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்த திரைப்பட வரலாற்றில் ஆண்டுவாரியான படப்பட்டியல் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு, முரண்படும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிடைக்கும் ஸ்டில்களில் பத்துப் பன்னிரண்டை ஏ4 தாளில் பெரிதாக அச்செடுங்கள். செல்போன் திரையில் காட்டினால் கண்ணாடியைத் தேடுவதிலேயே நேரம் போகும். பெரிய தாளைக் கையில் கொடுத்தால் ஓரத்தில் நிற்கும், மேக்கப்பைச் சரிசெய்யும் டச்சப் பையனின் பெயர்கூட வரும். நட்சத்திரங்கள் கழுத்தில் மாலையோடு நிற்கும் விளம்பரப் படங்களை விட, செட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் படங்கள் அதிகம் பேச வைக்கும்.

எந்த நாள், எந்த நேரம்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஊட்டியில் ஜனவரியில் அதிகாலை உறைபனி இருக்கும், ஆனால் பத்து மணிக்கு மேல் வானம் தெளிவாகிவிடும். ஏப்ரல், மே சீசனில் ரோட்டு ஹாரன் ஓயாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலை வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும், மண்சரிவில் ரோடு அடைபடவும் வாய்ப்பு உண்டு. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் தேவை. அதை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள்.

நேரம் காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை. டிபனும் மாத்திரையும் முடிந்திருக்கும், மதியத்து மேகமூட்டம் இறங்கியிருக்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க நினைத்தால் கடைசி ஒரு மணி நேரம் களைப்பில் ‘ஆமா’, ‘இல்ல’ என்று போய்விடும். நான்கைந்து நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் அவருக்கே ஞாபகங்கள் கிளம்பி வரும். மறுநாள் உட்கார்ந்ததும் ‘நேத்து விட்டுப்போச்சே’ என்று ஆரம்பிப்பார்.

அறையும் ஒலியும்

மலையில் பதிவு கெடுவது பெரும்பாலும் ஒலியில்தான். பழைய பங்களாக்களில் தகரக் கூரை இருந்தால் தூறல்கூடப் பேச்சை அமுக்கிவிடும். மேலே மாடி உள்ள அறையையோ, கான்கிரீட் கூரை போட்ட அறையையோ கேட்டு வாங்குங்கள். கம்பளம், திரைச்சீலை, புத்தக அலமாரி உள்ள அறை எதிரொலிக்காது. காலி ஹாலில் குரல் கிணற்றுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். ஃபிரிட்ஜை அணைக்கும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது மறுபடி போட மறக்க மாட்டீர்கள்.

குளிருக்கு ஃபேன் வைத்த ஹீட்டர் ஓடினால் அந்த இரைச்சல் முழுப் பதிவிலும் இருக்கும். அரை மணி நேரம் முன்பே அறையைச் சூடாக்கிவிட்டு, பேச ஆரம்பிக்கும்போது அணைத்துவிடுங்கள். இரைச்சலுக்குப் பயந்து மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் மலையில் இறந்திருக்கிறார்கள்.

சட்டை மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். பட்டுச் சேலையும் கம்பளிச் சால்வையும் மைக்கில் உரசினால் சரசரவென்று கேட்கும். பருத்திச் சேலை உடுத்த முடியுமா என்று முன்கூட்டியே கேட்கலாம். ‘டிவிக்கு நல்லா இருக்கணுமே’ என்று பட்டுதான் கட்டுவார் என்றால் வற்புறுத்த வேண்டாம். சால்வையைத் தோளுக்குப் பின்னால் தள்ளி, மைக் ஒயரை ஒரு சுற்று வளைத்து டேப் ஒட்டினால் பாதி உரசல் குறையும். நீண்ட சங்கிலி மைக்கில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். மைக் குத்துவதற்கு முன் அனுமதி கேளுங்கள். வீட்டிலிருக்கும் பெண் ஒருவரையோ, அவரையேயோ குத்தச் சொல்வது இன்னும் நல்லது.

ரெக்கார்டரில் ஒலிக் கோப்பை வேவ் (WAV) வடிவில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். அவர் உரக்கச் சிரிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. நாடக மேடையில் பழகியவர்களுக்குத் திடீரென்று குரல் எழும்பும், அதற்கு இடம் விட்டே அளவை வையுங்கள். மேசையில் ஒரு செல்போனையும் தனியாகப் பதிவில் ஓடவிடுங்கள். யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டால் பின்னால் வெட்டி ஒட்டும்போது உதவும்.

வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குள் கேமராவை எடுத்து வந்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் உள்பக்கத்து ஈரம் போகாது. பையை மூடியபடியே அரை மணி நேரம் அறையில் வைத்து, பிறகு திறவுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், உதிரியை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். ஜன்னலை அவருக்குப் பக்கவாட்டில் வருமாறு நாற்காலி போடுங்கள். மேகம் வந்து போவதால் வெளிச்சம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். ஆட்டோவில் விட்டால் முகத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைக் கையால் பூட்டி வையுங்கள்.

என்ன கேட்பது

‘உங்க திரை வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்க’ என்று ஆரம்பித்தால் எங்கே தொடங்குவதென்று அவருக்கும் தெரியாது. ஒரு நாளைக் கேளுங்கள். ‘அம்மா, அந்தப் படத்துக்குக் காலைல கார் எத்தன மணிக்கு வரும்? கூட யாரு வருவாங்க, அம்மாவா, அத்தையா? மேக்கப்புக்கு எவ்வளவு நேரம்? மத்தியானச் சாப்பாடு யாரோட உக்காந்து?’ யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எந்த நாற்காலி கிடைத்தது என்பதில் அந்தக் காலத்து செட்டின் மேல், கீழ் எல்லாம் வெளியே வந்துவிடும்.

பணத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். ‘எவ்வளவு வாங்கினீங்க’ என்று கேட்டால் முகம் சுருங்கும். ‘அட்வான்ஸ் யார் கையில் கொடுப்பாங்க? செக் யாரு பேர்ல வரும்? முதல்முதலா நீங்களே முடிவு பண்ணி வாங்கின சாமான் எது?’ என்று கேளுங்கள். சம்பாதித்தது அவர், கணக்குப் பார்த்தது வேறு யாரோ என்ற நிலை இருந்திருந்தால் இந்தக் கேள்விகளில் தானாகவே தெரிந்துவிடும்.

மலை வாசத்தோடு ஒட்டிய கேள்வி ஒன்றை மறக்காதீர்கள். ஊட்டி அவுட்டோர் பாட்டுகளில் கதாநாயகனுக்குக் கோட்டும் ஸ்வெட்டரும், கதாநாயகிக்கு மெல்லிய ஷிஃபான் சேலை. குளிரில் உதடு நடுங்கினால் வாயசைப்பு என்னாகும், ஷாட்டுக்கு ஷாட் போர்வை யார் பிடித்தார்கள், துணி மாற்ற எங்கே மறைவிடம், மேகம் இறங்கிவிட்டால் எத்தனை மணி நேரம் காத்திருந்தார்கள் என்று கேளுங்கள். இதெல்லாம் அவர் உடம்பில் பதிந்த ஞாபகம், மங்காமல் இருக்கும்.

ஆண்டுகளில்தான் குழப்பம் வரும். ‘எந்த வருஷம்’ என்று நெருக்காமல், எல்லோருக்கும் தெரிந்த சம்பவத்தோடு கட்டுங்கள். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964 டிசம்பருக்கு முன்னாலா பின்னாலா? எம்.ஜி.ஆர். சுடப்பட்ட 1967 ஜனவரியில் எந்தப் படத்தில் இருந்தார்? எமர்ஜென்சி சமயமா? படம் தீபாவளிக்கு வந்ததா, பொங்கலுக்கா? அப்படியும் பட்டியலோடு ஒத்துவராவிட்டால் அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே வைத்து, சரியான ஆண்டை எழுத்துப் பிரதியின் அடிக்குறிப்பில் போடுங்கள். அவர் தவறாக நினைவு வைத்திருப்பதற்கும் பல நேரம் ஒரு காரணம் இருக்கும்.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்பது

பலரும் சறுக்குவது இங்கேதான். ‘கடவுள் நம்பிக்கை உண்டா?’, ‘பெண்ணுரிமை பற்றி என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்டால் மேடைப் பதில்தான் கிடைக்கும். நம்பிக்கை என்பது ஒருவர் எதை ஏற்றார், எதை மறுத்தார் என்பதில் தெரிய வேண்டும். பாடகியும் நடிகையுமான கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்தபின் வெள்ளை உடுத்தினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். 1935இல் படத்துக்கு வந்தபோது நந்தனாராக ஆண் வேடமே கட்டினார், 1953இல் ஔவையாரானார். அவர் எதை நம்பினார் என்பதற்கு அந்த வேடங்களே சாட்சி.

அதனால் இப்படிக் கேளுங்கள்: ‘எந்த வேஷத்த வேண்டாம்னு சொன்னீங்க? அட்வான்ஸத் திருப்பிக் குடுத்தீங்களா? விரத நாள்ல ஷூட்டிங் வந்தா என்ன பண்ணுவீங்க? ராசியில்லன்னு சொல்லி யாரையாவது படத்துலேருந்து எடுத்ததப் பாத்திருக்கீங்களா? கல்யாணத்துக்கப்புறம் நடிக்க வேண்டாம்னு முடிவு பண்ணது யாரு?’ பதில் வந்ததும் ‘அப்ப அப்படி நெனச்சீங்க, இப்ப?’ என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள். இரண்டும் முரண்பட்டால் முரண்படட்டும். ஐம்பது வருடத்தில் மனம் மாறாதவர் யார்? சமரசம் செய்து வைப்பது உங்கள் வேலை இல்லை.

கேட்டபின் வாயை மூடிக்கொள்வது கடினமான பயிற்சி. அவர் நிறுத்தினால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ‘ம்ம்’ கொட்டாதீர்கள், தலையை மட்டும் ஆட்டுங்கள். மைக் உங்கள் ‘ம்ம்’ ஒவ்வொன்றையும் பிடிக்கும். கண் கலங்கினால் கேமராவை முகத்துக்கு நெருக்கிக் கொண்டு போகாதீர்கள். ‘நிறுத்தட்டுமா அம்மா?’ என்று கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள். ‘இத போட்டுடாதீங்க’ என்றால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, வெளியிடும் பிரதியிலிருந்து உண்மையாகவே எடுத்துவிடுங்கள்.

மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் அவர்களே பதில் சொல்ல ஆரம்பிப்பார்கள். ‘உங்ககிட்ட தனியா ஒருநாள் பேசணும்’ என்று மரியாதையாகச் சொல்லி, அதை நிஜமாகவே செய்யுங்கள்.

நடித்த இடத்துக்கே கூட்டிப்போக ஆசை வரும். ‘மூன்றாம் பிறை’யின் (1982) கடைசிக் காட்சி எடுத்த கேத்தி ரயில் நிலையம் போன்ற இடங்களில் நின்றால் ஞாபகம் பொங்கும் என்பது உண்மை. ஆனால் படிகள், வழுக்கும் பாசி, காற்று எல்லாம் உண்டு. ஒலியை அங்கே நம்பாதீர்கள். படம் மட்டும் எடுத்துக்கொண்டு, பேச்சை வீட்டுக்குத் திரும்பி வந்து பிடியுங்கள். அரசு இடத்தில் படம் எடுக்க முன் அனுமதி வேண்டும்.

படங்கள், கையெழுத்து, பிரதிகள்

பழைய ஆல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ போதும், தபால்தலை அளவுப் படங்களுக்கு 1200. மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, மேல்படலம் கரைந்து முகமே போய்விடும். நன்றாக உலர்ந்தபின் மென்மையான தூரிகையால் தட்டுங்கள். நெகட்டிவில் வினிகர் வாடை அடித்தால் அது சிதைய ஆரம்பித்துவிட்டது. மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் அதைப் பிரதி எடுங்கள். ஊட்டி இந்து நகரில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களை விசாரித்தால் நெகட்டிவைக் கையாளத் தெரிந்தவர் கிடைக்கக்கூடும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

சம்மதத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கே வெளியாகும், பணம் உண்டா இல்லையா, எந்தப் பகுதியை எப்போது வரை விலக்கலாம், அவர் காலத்துக்குப் பிறகு யாரைக் கேட்பது, எல்லாம் அதில் இருக்கட்டும். உயிரோடிருக்கும் ஒருவர்மேல் அவர் சொல்லும் குற்றச்சாட்டை வெளியிடுமுன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவதூறு, இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது.

ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். பேச்சுத் தமிழை அப்படியே எழுதி, 16 புள்ளி எழுத்தில், ஓரத்தில் இடம் விட்டு அச்செடுத்து அவரிடம் கொடுங்கள். பலர் அதை மேடைத் தமிழாகத் திருத்தித் தருவார்கள். திருத்தியதையும் முதல் பிரதியையும் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். ஒலிக் கோப்புகள் மூன்று இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று மலைக்கு வெளியே. அவருக்கான பிரதியை எம்பி4 ஆக மாற்றிப் பென் டிரைவில் போட்டு, அவர் வீட்டு டிவியிலேயே ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு, ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று வீட்டில் ஒருவருக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.