டேட்டாடேபிள்ஸ்: பெட்டியை எடுக்கப் போய் தேடலையே தொலைத்த கதை

இணையப் பக்கத்தில் உள்ள அட்டவணைக்குத் தேடல், பக்கப் பிரிப்பு போன்றவற்றைச் சேர்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் டேட்டாடேபிள்ஸ். அதை இணைத்த உடனே அட்டவணையைச் சுற்றி நான்கு பொருட்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே இடப்பக்கம் 10, 25, 50, 100 என்று வரிகளின் எண்ணிக்கையைத் தேர்வு செய்யும் பட்டி, வலப்பக்கம் தேடல் பெட்டி. கீழே இடப்பக்கம் எத்தனை வரிகள் என்ற தகவல், வலப்பக்கம் பக்க எண்கள். இவற்றை நம் விருப்பத்துக்கு மாற்றுவதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஜேக்வெரி (இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்), டேட்டாடேபிள்ஸ் இரண்டையும் பக்கத்தில் சேர்த்து, அட்டவணை ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். நிரலில் ஆங்கிலத்தில், இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கி அடியுங்கள்.

முதலில் எளிதானது. லெங்த்மெனு என்ற அமைப்பில் 5, 20, 50 என்று கொடுத்தால் பட்டி மாறிவிடும். ஒரு பக்கத்துக்கு எத்தனை வரிகள் என்று சொல்லும் பேஜ்லெங்த் அமைப்பைத் தனியாகக் கொடுக்காவிட்டால் பட்டியலின் முதல் எண்ணையே, அதாவது 5 வரிகளையே, முதலில் காட்டும். எல்லா வரிகளும் வேண்டுமென்றால் மதிப்பு மைனஸ் 1.

அடுத்து தேடல் பெட்டி. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பக்கத்தின் தலைப்பிலேயே சொந்தமாக ஒரு பெட்டி வைத்திருந்தேன், அதனால் அவர்களுடைய பெட்டி தேவையில்லை. சர்ச்சிங் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினேன், அதாவது அணைத்தேன். பெட்டி போனது, நிம்மதி. அப்புறம் என் பெட்டியில் எதைத் தட்டினாலும் அட்டவணை அசையவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஒரு மாலை முழுக்க என் நிரலைத்தான் சந்தேகப்பட்டேன். சர்ச்சிங் அணைத்தால் பெட்டி மட்டும் போகாது, தேடும் திறனே போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் வழியாகக் கேட்டாலும் தேடாது.

சரி என்று, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில், பெட்டியின் கிளாஸ் பெயரைக் குறிப்பிட்டு அதை மறைத்தேன். அதுவும் கொஞ்ச நாள்தான். பதிப்பு 2-க்கு மாறியபோது பெட்டியின் கிளாஸ் பெயர் மாறிவிட்டது, மறைத்த பெட்டி திரும்ப எட்டிப் பார்த்தது. அதனால் சிஎஸ்எஸ் வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சரியான வழி, பதிப்பு 2-இல் லேஅவுட் என்ற அமைப்பு. டாப்ஸ்டார்ட், டாப்எண்ட், பாட்டம்ஸ்டார்ட், பாட்டம்எண்ட் என்று நான்கு மூலைகள். தேடல் இருப்பது டாப்எண்டில், அங்கே நல் (ஒன்றுமில்லை என்று பொருள்படும் நிரல் சொல்) என்று எழுதினால் பெட்டி மட்டும் போகும், திறன் இருக்கும். எழுதாமல் விட்டால் போகாது, இயல்பானது அப்படியே வந்துவிடும். டாப்ஸ்டார்டில் தேடலை வைத்துவிட்டு டாப்எண்டை மறந்தால் இரண்டு தேடல் பெட்டிகள் நிற்கும். பதிப்பு 1-இல் டாம் என்ற அமைப்பில் எழுத்துச் சரம் வரும், ஒவ்வொரு எழுத்தும் ஒரு பொருளைக் குறிக்கும். அதில் தேடல் பெட்டிக்கான எஃப் என்ற எழுத்தை நீக்கினால் போதும். இதைவிட லேஅவுட்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தாலும் புரிகிறது.

இனி உங்கள் பெட்டி. அதில் தட்டும்போதெல்லாம், அட்டவணையைப் பிடித்து வைத்திருக்கும் மாறியில் தேடும் சர்ச் செயற்கூற்றை அழைத்து, பின்னாலேயே அட்டவணையை மீண்டும் வரையும் டிராவை அழையுங்கள். டிரா மறந்தால் ஒன்றும் நடக்காது.

கடைசியாக, சொற்களைத் தமிழாக்குவது. லேங்வேஜ் அமைப்பில், கீழே வரும் தகவலுக்கான இன்ஃபோ என்ற வரி இருக்கிறது. அதில் எண்கள் வரும் இடங்களைக் குறிக்கும் ஸ்டார்ட், எண்ட், டோட்டல் மூன்றும் பெரிய எழுத்தில், இருபுறமும் அடிக்கோட்டுடன் வர வேண்டும். ஆங்கில வரிசையை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. "_டோட்டல்_ வரிகளில் _ஸ்டார்ட்_ முதல் _எண்ட்_ வரை" என்று எழுதுங்கள். எண்ணோடு விகுதி ஒட்டாததால் 1 வந்தாலும் 100 வந்தாலும் படிக்க இடறாது.

பின்சேர்க்கை: லெங்த்மெனுவை மாற்றியும் பழைய வரிகளின் எண்ணிக்கையே வருகிறது என்று சிலர் கேட்டார்கள். ஸ்டேட்சேவ் என்ற அமைப்பைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது பழைய நிலையை உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்துக்கொள்ளும், இயல்பாக 2 மணி நேரத்துக்கு. சோதிக்கும்போது அணைத்து வையுங்கள்.

இன்னொருவர் சொன்னது எனக்கே தெரியாதது. ஸ்டேட்சேவும் சொந்தப் பெட்டியும் சேர்ந்தால், பக்கத்தைப் புதுப்பித்ததும் அட்டவணை வடிகட்டிய நிலையில் நிற்கும், பெட்டியோ காலியாக இருக்கும். பாதி வரிகளைக் காணோம் என்று பயனர் திகைப்பார். அட்டவணை தயாரானதும், எதுவும் கொடுக்காமல் சர்ச் அழைத்தால் பழைய தேடல் சொல் கிடைக்கும். அதை எடுத்துப் பெட்டியில் நிரப்பிவிடுங்கள்.