பழைய ஸ்பெயின் கோட்டு ஓவியங்களைப் பார்ப்பது எப்படி: ஒரு தையல்காரரின் வழி

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தையல்கடை. பங்குனி, சித்திரையில் ஊர்க் கொடைகள் தொடங்கிவிட்டால் சட்டை, பேன்ட் எல்லாம் ஓரமாகப் போய்விடும். வள்ளி திருமணம் நாடகத்துக்கு வேலன், வேடன், விருத்தன் என்று ஒரே நடிகருக்கு மூன்று உடுப்பு தைக்க வேண்டும். வெல்வெட்டும் சம்கியும் ஜரிகையுமாகக் கடை நிறைந்து கிடக்கும்.

அப்படிப்பட்ட கடைக்கு ஒருநாள் ஒரு ஓவிய வாத்தியார் வந்தார். கையில் ஒரு வண்ணப்படம். "அண்ணாச்சி, பள்ளிக்கூட நாடகத்துக்கு இந்தக் கோட்டு மாதிரி ரெண்டு வேணும்" என்றார். "படத்த வச்சிட்டுப் போங்க சார்வாள்" என்று வாங்கிக்கொண்டேன். அது ஸ்பெயின் ஓவியர் மரியானோ ஃபோர்த்துனி வரைந்த 'லா விகாரியா'. அன்றிலிருந்து இந்த வகை ஓவியங்களை விடாமல் பார்த்துவருகிறேன். நான் பார்க்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஓவியர்கள் 1860, 70களில் வாழ்ந்தவர்கள். படத்தில் இருப்பவர்கள் போட்டிருப்பதோ அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் முந்தைய உடுப்பு. முழங்கால் வரை கால்சட்டை, நீளக் காலுறை, உள்ளே ஒரு இடுப்புச் சட்டை, மேலே நீளக் கோட்டு. அந்தக் கோட்டுக்கு ஸ்பானிய மொழியில் கசாக்கா என்று பெயர். அதை வைத்தே இந்த வகைப் படங்களையும் அழைத்தார்கள். அதாவது ஓவியர் தம் காலத்து ஆட்களை நிறுத்தி, பழைய உடுப்பைப் போட்டுவிட்டு வரைந்திருக்கிறார். நாடகக்காரர் செய்யும் வேலைதான். அதனால் நாடகம் பார்த்த கண்ணோடு பாருங்கள், பாதி பிடிபட்டுவிடும்.

படத்தைத் திறந்ததும் முகங்களைப் பார்க்காதீர்கள். போனில் பெரிதாக்கி, தோளிலிருந்து தொடங்குங்கள். இதை நான் அடிபட்டுக் கற்றேன். வாத்தியாருக்குத் தைத்த முதல் கோட்டை நம் சட்டைக் கணக்கில் வெட்டினேன். போட்ட பையன் இரவல் கோட்டில் நிற்பதுபோல் நின்றான். மறுபடி படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அந்தக் காலத்துக் கோட்டில் முதுகுப்பக்கம் குறுகல். கை ஏறும் இடம் பின்னால் தள்ளி இருக்கும். போட்டவுடன் தோள் தானாகப் பின்னுக்குப் போய் நெஞ்சு நிமிரும். கையும் நேராக இராது, முழங்கையில் வளைத்து வெட்டியிருப்பார்கள். அதைப் பிரித்து வெட்டித் தைத்துக் கொடுத்ததும், அதே பையன் யாரும் சொல்லித்தராமலே கனவான்போல நடந்தான். படத்தில் ஒரு இளைஞன் ஒரு பெண்ணுக்கு முன்னால் விறைப்பாக நிற்கிறான் என்றால் அது அவன் மனநிலை மட்டுமல்ல, கோட்டும் அவனை நிறுத்துகிறது. அந்தக் கோட்டை மீறி ஒருவன் குனிகிறான், சாய்கிறான் என்றால் அங்கே கவனியுங்கள். காதல் அங்கேதான் இருக்கும்.

லா விகாரியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1870இல் முடித்த படம், இப்போது பார்சிலோனாவில் கத்தலான் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அளவு 60க்கு 93.5 சென்டிமீட்டர். நம் டேப்பில் ஏறக்குறைய 2 அடிக்கு 3 அடி, ஒரு ஜன்னல் கதவு அளவு. அதற்குள் ஒரு கிறித்தவக் கோயிலின் அலுவலறை, இரும்புக் கிராதி, கணப்புச்சட்டி, ஒரு கல்யாணக் கூட்டம் முழுவதும். வயதான மாப்பிள்ளை மேசைமேல் குனிந்து கையெழுத்துப் போடுகிறார். இளம் மணப்பெண்ணோ தோழியிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். இதைப் பார்த்ததும் எனக்கு விருத்தன் வேஷத்தில் வரும் முருகன்தான் நினைவுக்கு வந்தார். ஆனால் இங்கே கிழவர் வேஷம் கலைத்து வேலனாகப் போவதில்லை. அவருடைய குனிந்த முதுகையும் பெண் திரும்பியிருக்கும் பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். ஓவியர் ஒரு வார்த்தை சொல்லாமல் முழுக்கதையும் சொல்லிவிட்டார். ஃபோர்த்துனிக்கு இந்த எண்ணம் வந்ததே தம் கல்யாணப் பத்திர வேலைக்காக மாட்ரிட்டில் இப்படி ஒரு அலுவலகத்துக்குப் போனபோதுதான். மணம் முடித்தது 1867இல், செசிலியா தெ மத்ராசோ என்ற ஓவியக் குடும்பத்துப் பெண்ணை. இந்தப் படத்தை பாரிஸில் கூப்பில் என்ற வியாபாரி 70,000 பிராங்குக்கு விற்றார்.

அடுத்தது துணி. இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், தவறாமல் செய்யுங்கள். எந்தத் தையல்கடையிலும் கேட்டால் துண்டுத் துணி கொடுப்பார்கள். ஒரு துண்டு வெல்வெட், ஒரு துண்டு சாட்டின் வாங்கி, சாயங்காலம் 4 மணி வாக்கில் ஜன்னலோரம் நாற்காலிமேல் மடிப்பு விழப் போடுங்கள். சாட்டினில் வெளிச்சம் மடிப்பின் மேட்டில் கத்தி விளிம்புபோல் வெட்டி நிற்கும். வெல்வெட்டில் தலைகீழ்: நமக்கு நேராக இருக்கும் பக்கம் இருண்டு, மடிப்பு வளைந்து விலகும் ஓரத்தில்தான் மினுக்கம் வரும். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் படத்துக்குத் திரும்புங்கள். எது எந்தத் துணி என்று பேர் சொல்லிவிடலாம். நமக்கு இந்தக் கண் புதிதும் அல்ல. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் நாடகப் படுதாவும் சாமி காலண்டரும் எழுதியபோது பட்டின் பளபளப்புக்குக் கொடுத்த இடத்தை நாம் சுவரில் மாட்டிப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே.

பெண்கள் உடுப்பில் மூன்றைப் பாருங்கள்: தலையில் போடும் மன்டில்யா என்ற லேஸ் முக்காடு, அதைத் தூக்கி நிறுத்தும் உயரச் சீப்பு, கையில் விசிறி. இதில் விசிறிதான் பேசும். விரிந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, முகத்துக்கும் ஆணுக்கும் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் அகராதி வைத்து அர்த்தம் தேட வேண்டாம். செசிலியாவின் அண்ணன் ரைமுந்தோ தெ மத்ராசோவும் முகமூடி நடனத்துக்குப் பழைய உடுப்பில் வந்தவர்களை வரைந்தார். அலின் மாசோன் என்ற பெண்தான் அவர் பல படங்களுக்கு மாதிரி. முகமூடியைக் கழற்றிய பிறகு கையில் எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று அவர் படங்களில் தேடுங்கள்.

இனி நல்லதையும் சாதாரணத்தையும் பிரிப்பது. ஃபோர்த்துனிக்கு நல்ல விலை கிடைத்ததும் ஏராளமானோர் இதே மாதிரி வரைந்தார்கள். அவற்றில் பலவற்றில் உடுப்பு ஆணியில் தொங்கியதை எடுத்து அப்போதுதான் மாட்டியதுபோல இருக்கும். நான் முழங்கை உள்பக்கமும் முழங்கால் பின்பக்கமும் பார்ப்பேன். ஒரு மனிதன் உட்கார்ந்து எழுந்து பழகிய துணியில் அங்கே சுருக்கம் விழுந்திருக்கும். அடுத்து பொத்தான். பொத்தான் இழுக்கும் இடத்தில் துணி நட்சத்திரம்போல் சுருங்க வேண்டும். இவை இல்லையென்றால், பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் எனக்கு அந்தப் படம் ஒட்டாது. ஃபோர்த்துனி இதில் தேறியவர். பழைய துணிகளையும் ஆயுதங்களையும் பீங்கானையும் ரோமில் இருந்த தம் ஓவிய அறையில் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு 1875இல் அவை பாரிஸில் ஏலம் போயின.

தரையையும் விடாதீர்கள். லா விகாரியாவில் முன்பக்கத் தரை பெரும்பகுதி காலி. நாடக மேடையில் முன்வரிசை காலியாக இருந்தால்தான் பின்னால் நிற்பவன் உடுப்பு தெரியும். அதே கணக்கு.

இவ்வளவும் பார்த்தபின் கடைசியாக ஒரு படம் பாருங்கள். மாட்ரிட் பிராதோவில் இருக்கும், ஜப்பானிய அறையில் ஓவியரின் பிள்ளைகள் என்ற படம். 1874 கோடையில் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் போர்த்திச்சியில் ஃபோர்த்துனி வரைந்தார். கசாக்கா இல்லை, சீப்பு இல்லை. விற்பதற்காக வரையும் கோட்டுப் படங்கள் அவருக்கு அலுத்துப்போயிருந்தன. படம் முழுதாக முடியவில்லை. அந்த நவம்பரில் ரோமில் இறந்துபோனார், வயது 36.

படத்தில் இருக்கும் பையன் பெயரும் மரியானோதான். அப்பா போனபோது அவனுக்கு 3 வயது. பெரியவனாகி வெனிஸில் துணி நெய்து, சாயம் போட்டு, உடுப்பு செய்தான். 1909இல் காப்புரிமை வாங்கிய அவனுடைய மடிப்புப் பட்டு அங்கி, தோளிலிருந்து பாதம் வரை சேலைக் கொசுவத்தைவிட நுணுக்கமான மடிப்போடு இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அதன் புகைப்படம் ஒன்றை வெட்டும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், பக்கத்தில் அவன் அப்பா வரைந்த அந்தப் பையன்.