பூச்சிகளும் தளவிளைவுற்ற ஒளியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியன் மறைந்திருக்கும்போதும் நீல வானத்தின் ஒரு துண்டைக் கண்டே தேனீ திசையறிகிறது என்று விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் 1949-இல் காட்டினார். அவ்வானொளியின் அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வதே, அதாவது தளவிளைவுற்றிருப்பதே, அதற்கு வழிகாட்டி. அதைப் பற்றி எழுதுவோர் பலர், பூச்சியின் கண் முழுவதுமே ஒளியின் அதிர்வுத் திசையை உணர்வதாகச் சொல்லிவிடுகின்றனர். தவறுகளில் பெரியது இதுவே.

தேனீயின் கூட்டுக்கண்ணில் வானை நோக்கிய மேல்விளிம்பிலுள்ள சிறு பட்டை மட்டுமே இப்பணிக்கென அமைந்தது. அங்குள்ள ஒவ்வொரு ஒளியுணர் செல்லின் நுண்குழல் நீட்சிகளும் ஒரே திசையில் நேராக அடுக்கப்பட்டிருப்பதால், அத்திசைக்கு இணையாக அதிரும் ஒளியையே அவை மிகுதியாக உட்கவர்கின்றன. ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரு தொகுதிகளின் குறிப்புகளை ஒப்பிட்டு நரம்பு மண்டலம் திசையைக் கணிக்கிறது. கண்ணின் பிற பகுதிகளிலோ அச்செல்கள் தம் நீளவாக்கில் முறுக்கிக்கொண்டு இவ்வுணர்வை அழித்துவிடுகின்றன. அப்படி அழிக்காவிட்டால், பளபளக்கும் இதழ் சாயும்போதெல்லாம் பூவின் நிறமே மாறித் தெரியும்.

எல்லாப் பூச்சிகளும் இதற்குப் புற ஊதாவையே பயன்படுத்துகின்றன என்பதும் சரியன்று; வயற்சிள்வண்டுக்கு நீல ஒளியே போதும். பகலில்தான் இது நடக்கும் என்பதும் அவ்வாறே: ஆப்பிரிக்கச் சாணவண்டு ஒன்று நிலவொளியின் தளவிளைவைக் கொண்டு நேர்கோட்டில் உருண்டையை நகர்த்துவதாக 2003-இல் ஆய்வு வெளிவந்தது.

நீரைத் தேடும் பூச்சிகளின் செயல் வேறு. அவற்றை ஈர்ப்பது வெறும் பளபளப்பு என்று எண்ணுவோர், ஹங்கேரியில் ஈசல் போல் கூட்டமாகப் பறக்கும் மேஃப்ளை பூச்சிகள் உலர்ந்த தார்ச்சாலையில் முட்டையிட்டதை விளக்க இயலாது. சோதனையில் பளபளக்கும் வெள்ளைத் தாளையும் அலுமினியத்தையும் அவை புறக்கணித்து, பளபளக்கும் கருப்புத் தாளையே நாடின. ஏனெனில் அதிலிருந்து மீளும் ஒளி கிடைமட்டமாக, நீர்ப்பரப்பில் மீள்வதைவிடவும் வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது.

சோதனை செய்ய விரும்புவோர் பலர் தடுமாறும் இடம், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் வடிகட்டியே. கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தளவிளைவுத் தாள்கள் பெரும்பாலும் புற ஊதாவை விழுங்கிவிடுவதால், எறும்போ தேனீயோ திசைமாறாததைக் கொண்டு எதையும் முடிவுசெய்யலாகாது. புற ஊதாவைக் கடத்தும் தாளையே எடுக்க வேண்டும். அதைத் திருப்பும்போது தரையில் விழும் ஒளியின் செறிவும் மாறக்கூடும் என்பதால், தாளுக்கும் பூச்சிக்கும் இடையே, ஒளியைச் சிதறடித்துத் தளவிளைவைக் குலைக்கும் மங்கல் தாளை வைத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.