வால்மீன் உட்கருவை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பது

வால்மீனின் உட்கரு பனியும் தூசும் கலந்த கட்டி என்று 1950-இல் அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள் விளக்கினார். அந்தக் கட்டியைச் செய்வது பத்து நிமிட வேலைதான். அதன் மேலோடு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தேவையானவை: உலர்பனி (டிரை ஐஸ்) 500 கிராம், தண்ணீர் 250 மி.லி., மணல் இரண்டு மேசைக்கரண்டி, கரித்தூள் ஒரு மேசைக்கரண்டி, அமோனியாக் கரைசல் சில துளி, கரிமப் பொருளுக்காக ஒரு கரண்டி வெல்லப்பாகு. உலர்பனியை அன்றைக்கே வாங்கி தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். அரை கிலோ உலர்பனி 250 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். காற்றுப் புகாத பாத்திரம் வெடித்துவிடும், அடைத்த அறையில் மூச்சுத் திணறும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மைனஸ் 78 டிகிரி என்பதால் தடித்த தோல் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

உலர்பனியைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, கடலைப்பருப்பு அளவுக்கு உடையுங்கள். மாவாகிவிட்டால் தண்ணீர் நொடியில் உறைந்து கட்டி சேராது. பெரிய துண்டாக இருந்தால் உருண்டை அந்த இடத்தில் பிளந்துகொள்ளும். கிண்ணத்தில் தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, தண்ணீர், மணல், பாகு, அமோனியா, பாதிக் கரித்தூள் ஆகியவற்றைக் கலக்குங்கள். கடைசியாக உலர்பனியைக் கொட்டிக் கிளறுங்கள். கூழ் இறுகத் தொடங்கியதும் பையோடு தூக்கி உருண்டை பிடியுங்கள். பையின் வாய் திறந்தே இருக்கட்டும்.

தண்ணீரைக் கூட்டினால் உருண்டை நன்றாகப் பிடிக்கும் என்று பலரும் நினைப்பார்கள். 250 மி.லி. உறையவே சுமார் 200 கிராம் உலர்பனி தீர்ந்துவிடும். தண்ணீர் ஏற ஏற, பீய்ச்சியடிக்க வாயு மிஞ்சாது.

மீதிக் கரித்தூளை உருண்டையின் ஒரு பக்கத்தில் மெல்லிசாகத் தூவுங்கள். இன்னொரு பக்கத்தில் மணலை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். 30 செ.மீ. தள்ளி ஹாலஜன் விளக்கை வைத்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிக் காட்டுங்கள். மெல்லிய கரி வெளிச்சத்தை விழுங்கிப் பனியைச் சூடாக்கும். கனத்த படலம் போர்வைபோல் வெப்பத்தைத் தடுக்கும். தராசில் எடை குறைவதைக் குறித்துவைக்கலாம், ஆனால் அறைக் காற்றின் ஈரம் உருண்டைமேல் உறைபனியாகப் படிந்து எடையைக் கூட்டும். கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகையும் அந்த ஈரம்தான். கார்பன் டைஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது.

இந்த உருண்டைக்கு ஒரு பெரிய குறை உண்டு: கல்போல் கனமானது. ஐரோப்பிய விண்கலமான ரோசெட்டா அளந்த 67பி என்ற வால்மீனின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 530 கிலோ, தண்ணீரில் பாதி. ஜெர்மனியின் கொலோன் நகரில் 1987 முதல் நடந்த, வால்மீனைச் செயற்கையாகச் செய்து பார்க்கும் ‘கோசி’ சோதனைகளில் உருண்டையே பிடிக்கவில்லை. கனிமத் தூள் கலந்த தண்ணீரைத் திரவ நைட்ரஜனுக்குள் தூவி, உறைந்த நுண்மணிகளை அழுத்தாமல் கலத்தில் நிரப்பி, வெற்றிடத்தில் செனான் விளக்கொளியில் வைத்தார்கள். மேலே தூசிப் படலம் சேரச் சேர வாயு வெளியேற்றம் குறைந்தது. உள்ளே இறங்கிய நீராவி மறுபடி உறைந்து, தூசிக்குக் கீழே கெட்டியான பனி அடுக்கு உண்டானது. 2014-இல் 67பி-யில் இறங்கிய, ரோசெட்டாவின் இறங்குகலமான ஃபிலேயின் சுத்தியல் ஆய்வுக்கோலும் தரையைத் துளைக்க முடியாமல் நின்றது இப்படியொரு கெட்டி அடுக்கில்தான் என்று கருதப்படுகிறது.